சோஷியல் வொர்க்ல பிஎச்டி: நம்ம ஊரா, டிஸ்ஸா, பார்ட் டைமா, அமெரிக்காவா?

எம்எஸ்டபிள்யூ (சோஷியல் வொர்க்ல மாஸ்டர்ஸ்) முடிச்சு ரெண்டு மூணு வருஷம் என்ஜிஓவிலயோ ஆஸ்பத்திரியிலயோ வேலை பாத்துட்டு, இப்ப பிஎச்டி போடலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக இதை எழுதறேன். எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த யூனிவர்சிட்டி பெரிசு"ன்னுதான். என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அடுத்த நாலஞ்சு வருஷம் உங்க நேரத்துக்கு யாரு காசு குடுக்கப் போறாங்க? நம்ம ரிசர்ச், லேப்ல உக்காந்து முடிக்கிறது இல்ல, ஊர் ஊரா போகணும், ஒரு அம்மாவை மூணு தடவை போய்ப் பாத்தாதான் நாலாவது தடவை அவங்க மனசுவிட்டுப் பேசுவாங்க, அந்த நாலாவது தடவைக்கு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கையில காசு இல்லன்னா கடைசியில கூகுள் ஃபார்ம் அனுப்பி, எஸ்பிஎஸ்எஸ்னு ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல போட்டு, டேபிள் டேபிளா அடிச்சு தீசிஸ் முடிஞ்சிடும். படிப்பு முடியும், யாருக்கும் ஒண்ணும் புதுசா தெரிஞ்சிருக்காது.

அதனால இந்தியாவுல படிக்கறதா இருந்தா எந்த காலேஜுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி ஜேஆர்எஃப்புக்கு (மாசாமாசம் காசு தர்ற ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்) உக்காருங்க. அதுக்கான நெட் எக்ஸாம்ல (தேசியத் தகுதித் தேர்வு) சோஷியல் வொர்க் தனி சப்ஜெக்ட், கோடு 10, வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது. ஜேஆர்எஃப் கிடைச்சா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், அப்புறம் அதுவே சீனியர் ஃபெல்லோஷிப்பா (எஸ்ஆர்எஃப்) மாறி 42,000, வீட்டு வாடகைப்படி தனி. வயசு 30க்குள்ள இருக்கணும், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கும் அஞ்சு வருஷம் தளர்வு உண்டு. 2024 ஜூன்ல இருந்து நெட் ரிசல்ட் மூணு வகையா வருது: ஜேஆர்எஃப்போட சேர்ந்தது, அசிஸ்டன்ட் புரொஃபசர் கூட பிஎச்டி அட்மிஷன், வெறும் பிஎச்டி அட்மிஷன். பின்னாடி சொன்ன ரெண்டுலயும் நெட் மார்க்குக்கு 70, இன்டர்வியூவுக்கு 30ன்னு வெயிட்டேஜ், ஆனா அந்த மார்க் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். இதைக் கவனிக்காம அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க.

சரி, நம்ம ஊரா டிஸ்ஸா? மும்பை டிஸ் (டாடா இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ்) 1936ல ஆரம்பிச்சது, இந்தியாவுல சோஷியல் வொர்க்கை முறையா ஒரு தொழிலா படிக்க வெச்ச முதல் இடமே அதுதான். நம்ம பக்கம் எழும்பூர்ல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், 1952ல மேரி கிளப்வாலா ஜாதவ் ஆரம்பிச்சது, அது போக லயோலா, திருச்சி பிஷப் ஹீபர், கோவை பிஎஸ்ஜி கலை அறிவியல், பாரதிதாசன் யூனிவர்சிட்டின்னு வரிசையா இருக்கு. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் உங்களைச் சுத்தி யாரு இருப்பாங்கன்றதுலதான். டிஸ்ல பப்ளிக் ஹெல்த், லேபர், ஜெண்டர்னு பல துறை ஆளுங்க ஒரே கேம்பஸ்ல, உங்க புரோபோசலை நாலு பேர் நாலு பக்கத்துல இருந்து கிழிப்பாங்க, அது ரொம்ப நல்லது. இங்க பல காலேஜ்ல நீங்க, உங்க கைடு, ஆறு மாசத்துக்கு ஒரு டாக்டோரல் கமிட்டி மீட்டிங், அவ்வளவுதான். ஆனா இங்க ஃபீல்டு பக்கத்துலயே இருக்கு. எம்எஸ்டபிள்யூ பிளேஸ்மென்ட்ல போன ஏஜென்சியில உங்களை இன்னும் ஞாபகம் வெச்சிருப்பாங்க, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துல யார்கிட்ட போய் என்ன கேக்கணும்னு தெரியும், வெளியூர்ல இருந்து வர்ற ஸ்காலருக்கு அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கவே ஒரு வருஷம் ஓடிடும். உங்க டாபிக் தமிழ்நாட்டு மக்களைப் பத்தினதுன்னா, கையில ஜேஆர்எஃப்பும் ஒரு நல்ல கைடும் இருந்தா நான் இங்கயே இருங்கன்னுதான் சொல்லுவேன். மெத்தடாலஜியில நமக்கு அடித்தளம் போதல, நல்லா இடிச்சுக் கட்டணும்னு தோணுச்சுன்னா டிஸ். மனநலம்தான் உங்க ஏரியான்னா ரெண்டையும் விட்டுட்டு முதல்ல பெங்களூர் நிம்ஹான்ஸோட சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் டிபார்ட்மென்டைப் பாருங்க. ஜேஆர்எஃப் கிடைக்கலன்னா திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் மாதிரி சென்ட்ரல் யூனிவர்சிட்டியில நான்-நெட் ஃபெல்லோஷிப் மாசம் 8,000 உண்டு, குடும்பம் நடத்த அது போதாதுதான், ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கு அது மேல். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு முழுநேர பிஎச்டிக்கு தமிழ்நாடு அரசோட ஊக்கத்தொகையும் இருக்கு, டிபார்ட்மென்ட்ல யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்க, நீங்களே தேடிப் போட்டுக்கணும்.

கைடு விஷயத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி புரொஃபசர் 8 பேரையும், அசோசியேட் 6 பேரையும், அசிஸ்டன்ட் 4 பேரையும்தான் ஒரே நேரத்துல வெச்சுக்க முடியும். ரிட்டையர் ஆக மூணு வருஷத்துக்கும் கம்மியா இருக்கறவங்க புது ஸ்காலரை எடுக்கவே முடியாது. அப்படின்னா சீட் காலேஜ்கிட்ட இல்ல, கைடுகிட்டதான் இருக்கு. பேரு பெரிசா இருக்குன்னு ஒரு காலேஜுக்கு அப்ளை பண்ணி, காலியா இருக்கற ஒரே கைடு உங்க டாபிக் பக்கமே வராத ஆளா இருந்தா அஞ்சு வருஷம் ரெண்டு பேருக்குமே தண்டனை. ஷோத்கங்கா வெப்சைட்ல போய் அந்த கைடு பேரைப் போட்டா அவங்ககிட்ட முடிச்சவங்களோட தீசிஸ் எல்லாம் ஃப்ரீயா கிடைக்கும். ரெண்டு தீசிஸைத் திறந்து அலசல் சேப்டரைப் படிங்க. எல்லா தீசிஸும் "அ ஸ்டடி ஆன் சைக்கோசோஷியல் பிராப்ளம்ஸ் ஆஃப்"னு ஆரம்பிச்சு ஒரு மாவட்டத்து பேர்ல முடிஞ்சு, கேள்வித்தாளும் ஒரே மாதிரி இருந்தா உங்களுதும் அப்படித்தான் ஆகும். அப்புறம் இப்ப அவங்ககிட்ட இருக்கற ஸ்காலர் ரெண்டு பேருக்கு போன் பண்ணி, டிராஃப்ட் குடுத்தா எத்தனை நாள்ல திருப்பித் தர்றாங்க, சொந்த வேலை எதுவும் வாங்கறாங்களான்னு நேரடியாவே கேளுங்க. கேக்கறதுல தப்பே இல்ல.

பார்ட் டைம் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். வேலை பாக்கற இடத்துல இருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம்) வேணும், அதுல ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும்னும், தேவைப்பட்டா கோர்ஸ்வொர்க்குக்கு விடுவிப்போம்னும் எழுதித் தரணும். உங்க வேலையே உங்க ஃபீல்டா இருந்தா, அதாவது ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் பேஷன்டுங்களோட வேலை பாக்கறீங்க, டாபிக்கும் அதுதான்னா, இது நல்ல வழி. வேலை ஒண்ணு டாபிக் ஒண்ணுன்னா சனி ஞாயிறுல ஃபீல்டுவொர்க் நகராது, மூணாவது வருஷத்துல நிறைய பேர் நின்னுடறதைப் பாக்கறேன். பொதுவா ஆறு வருஷம்தான் உச்சவரம்பு, ரீ-ரெஜிஸ்டர் பண்ணா இன்னும் ரெண்டு, பெண்களுக்கு அதுக்கு மேல ரெண்டு. இன்னொண்ணு, லெக்சரர் வேலைக்காக மட்டும் பிஎச்டி யோசிக்கறீங்கன்னா 2023 ஜூலையில இருந்து அசிஸ்டன்ட் புரொஃபசர் நேரடி நியமனத்துக்கு நெட்டோ செட்டோ (மாநில அளவுத் தகுதித் தேர்வு) இருந்தா போதும், பிஎச்டி கட்டாயம் இல்ல. அசோசியேட் ஆகும்போதுதான் கட்டாயம். ஆராய்ச்சியில ஆசை இல்லாம இதுல இறங்காதீங்க, ப்ளீஸ்.

அமெரிக்கான்னு வந்தா அங்க ரெண்டு டிகிரி இருக்கு, பிஎச்டி ஒண்ணு, டிஎஸ்டபிள்யூ (டாக்டர் ஆஃப் சோஷியல் வொர்க்) ஒண்ணு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. டிஎஸ்டபிள்யூ அங்க வேலையில இருக்கற சீனியர் ஆளுங்களுக்கானது, பாதி இடத்துல ஆன்லைன், கடைசியில தீசிஸுக்கு பதிலா ஒரு ப்ராஜெக்ட், ஃபீஸ் பெரும்பாலும் சொந்தக் காசு. முழுசும் ஆன்லைன்ல நடக்கற படிப்புக்கு மாணவர் விசாவும் கிடையாது. இங்க இருந்து போறவங்களுக்கு அது வேண்டாம், நான் யோசிக்காமலே சொல்லுவேன். பிஎச்டி வேற கதை. பெரிய ரிசர்ச் யூனிவர்சிட்டிங்கள்ல ஃபீஸ் தள்ளுபடி, ஸ்டைபெண்ட், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்துத் தருவாங்க, ஆரம்பத்துல நல்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ், தியரி கோர்ஸுங்க. மிச்சிகன்ல சோஷியல் வொர்க்கோட சோஷியாலஜி, எகனாமிக்ஸ் மாதிரி இன்னொரு துறையையும் சேர்த்தே படிக்கணும், பாலிசி பக்கம் போகணும்னு இருக்கறவங்களுக்கு அது பெரிய வரம். ஜிஆர்இ நுழைவுத் தேர்வைப் பல இடத்துல எடுத்துட்டாங்க. ஆனா சீட் ரொம்பக் கம்மி, 2025ல சில பெரிய இடங்களே பிஎச்டி அட்மிஷனைக் குறைச்சாங்க, நிறுத்தியும் வெச்சாங்க, அதனால இதை மட்டுமே நம்பி உக்காராதீங்க. அங்கயே பாடம் நடத்தற எண்ணம் இருந்தா எம்எஸ்டபிள்யூவுக்கு அப்புறம் ரெண்டு வருஷ ஃபீல்டு அனுபவம் இருக்கணும்னு எதிர்பாப்பாங்க, நம்ம டிகிரி சமமானதான்னு சிஎஸ்டபிள்யூஇ (அங்க சோஷியல் வொர்க் படிப்புகளுக்கு அங்கீகாரம் தர்ற அமைப்பு) மதிப்பிட்டுச் சான்று தர்ற ஏற்பாடும் இருக்கு.

எனக்கு மனசு வலிக்கற ஒண்ணையும் இங்க சொல்லணும். எஸ்சி மாணவர்கள் வெளிநாட்டுல மாஸ்டர்ஸ், பிஎச்டி படிக்க மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு. 2022 விதியில இந்தியக் கலாச்சாரம், வரலாறு, இந்திய சமூகம் பத்தின ஆய்வுத் தலைப்புக்கு அது கிடையாதுன்னு சேர்த்துட்டாங்க. தன் தெருவுல மலக்குழியில இறங்கிச் செத்தவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு நினைக்கற ஒரு பொண்ணுக்கு, இந்தக் காசு அந்த டாபிக்குக்கு இல்லன்னு சொல்றாங்க. சோஷியல் வொர்க்குக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்கு? இந்த நிலைமையில இருக்கறவங்க யூனிவர்சிட்டியே முழு ஃபண்டிங் தர்ற இடத்துக்கு மட்டும் அப்ளை பண்ணுங்க, இல்லன்னா இங்க ஜேஆர்எஃப்போ எஸ்சி நேஷனல் ஃபெல்லோஷிப்போ எடுத்து டாபிக்கை விட்டுக்குடுக்காம செய்யுங்க. டாபிக்கை மாத்திட்டு பிளேன் ஏறுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

ரெண்டு பக்கமும் போடறவங்க காலண்டரைப் பாத்துக்கோங்க. அமெரிக்க டெட்லைன் பெரும்பாலும் டிசம்பர் ஒண்ணாம் தேதியில இருந்து ஜனவரி நடுவுக்குள்ள, டிசம்பர் சைக்கிள் நெட் தயாரிப்பும் அதே நேரத்துலதான் வந்து மோதும். அதனால ரைட்டிங் சாம்பிளையும் ஸ்டேட்மென்டையும் ஆகஸ்ட்லயே எழுத ஆரம்பிங்க, ரெக்கமெண்டேஷன் லெட்டர் மூணு வேணும், செப்டம்பர்லயே மேடம்கிட்டயும் சார்கிட்டயும் போய்க் கேட்டுடுங்க. ஒருத்தராவது உங்களை ஃபீல்டுல பாத்தவரா இருக்கட்டும். கேக்கும்போது உங்க சிவி, புரோபோசல் டிராஃப்ட், அவங்ககிட்ட நீங்க சப்மிட் பண்ண பழைய கேஸ்வொர்க் ரிப்போர்ட் ஒண்ணு, மூணையும் சேர்த்துக் குடுங்க, ஏன்னா எத்தனையோ பேட்ச் பாத்தவங்க, நீங்க என்ன செஞ்சீங்கன்னு பேப்பர்ல பாத்தாதான் அவங்களால குறிப்பா எழுத முடியும்.