முழங்காலில் எலும்பு கரைந்த இடத்தை எதனால் நிரப்புவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் அம்மாக்களில் பலர் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். எல்பில், டோவன்பி, ஹீவூட் என்று எந்தத் தோட்டத்துக்காரரைக் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: மேட்டிலும் பள்ளத்திலும் நிரை பிடித்து நடந்தது, தாழ்ந்த வெட்டுக்குக் குந்தி எழுந்தது, வாளி வாளியாகப் பால் சுமந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. முழங்கால் வலி போகவில்லை. தைலம் தேய்த்தே பல ஆண்டுகளைத் தள்ளிவிடுகிறார்கள். அதற்குள் கால் வெளிப்பக்கமாக வளைந்து, மூட்டின் உட்பக்க எலும்பு தேய்ந்து பள்ளமாகிவிடுகிறது. ஈப்போவில் எக்ஸ்ரேயைப் பார்க்கும் மருத்துவர், “மூட்டு மாற்றினால் மட்டும் போதாது, எலும்பு குறைந்த இடத்தையும் சரிக்கட்ட வேண்டும்” என்கிறார்.

அங்கேதான் குடும்பம் திணறுகிறது. சிமெண்டா, உலோகமா, எலும்பு ஒட்டா? அறுவைக் கூடத்தில் தாதியாக வேலை பார்த்தவள் என்பதால் “அக்கா, எது நல்ல சாமான்?” என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. எந்தச் சாமானுக்கும் தனியாக நல்லது கெட்டது கிடையாது. எஞ்சியிருக்கும் எலும்பு எவ்வளவு, இந்த மூட்டை இன்னொரு முறை திறக்க வேண்டி வருமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் சாமானைப் பற்றிப் பேச முடியும்.

முதலில் பள்ளத்தின் வடிவம். பால்மரத்தில் பால் பிடிக்கும் மங்கின் விளிம்பு முழுதாக இருந்தால் உள்ளே ஊற்றியது நிற்கும். விளிம்பு உடைந்திருந்தால் வழிந்துவிடும். எலும்பிலும் அப்படித்தான். சுற்றிலும் சுவர் நிற்கும் குழியைத் தூள் எலும்பாலோ சிமெண்டாலோ நிரப்பலாம். ஒரு பக்கச் சுவரே போய்விட்டால் அந்தப் பக்கத்தைத் தாங்கும் பொருள் வேண்டும். வளைந்த காலில் பெரும்பாலும் இடிந்திருப்பது கீழ்க்கால் எலும்பின் உட்புறப் பின்பக்க விளிம்பு. அமெரிக்காவின் ஆண்டர்சன் எலும்பியல் ஆய்வு நிறுவனம் வகுத்த மூன்று நிலைகளைத்தான் மருத்துவர்கள் பரவலாகக் கையாள்கிறார்கள். முதல் நிலையில் மூட்டை ஒட்டிய எலும்பு உறுதியாகவே இருக்கும். இரண்டாவதில் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ சேதம். மூன்றாவதில் அந்தப் பகுதியே கரைந்து, தசைநார் பிடித்திருக்கும் இடம்கூட ஆட்டம் கண்டிருக்கலாம். எக்ஸ்ரே பெரும்பாலும் சேதத்தைக் குறைத்தே காட்டும். ஏற்கெனவே மூட்டு மாற்றியவருக்குப் பழைய செயற்கை மூட்டைக் கழற்றிய பிறகுதான் முழு அளவும் தெரியும் என்பதால், அறுவைக்கு முன் சொன்ன திட்டம் கூடத்துக்குள் மாறினால் மருத்துவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

முதல் முறை மூட்டு மாற்றுபவர்களுக்கு உள்ள வழிகளில் மிக எளியது சிமெண்ட். பள்ளம் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இதுவே போதும். தூளையும் திரவத்தையும் கலந்ததும் கூடம் முழுக்கக் காரமான வாடை வரும். முதலில் கையுறையில் பிசுபிசுவென்று ஒட்டும். ஒட்டாமல் உருளும் பதம் வந்ததும் உள்ளே வைக்க வேண்டும். சில நிமிடங்களில் சூடேறிக் கல்லாகிவிடும். அழுத்தத்தை இது நன்றாகத் தாங்கும். இழுவிசையும் பக்கவாட்டு விசையும்தான் இதன் பலவீனம். அதனால் கனமாக அப்பிய சிமெண்ட், ஓரச் சுவர் இல்லாத இடத்தில், காலப்போக்கில் விரிசல் விடும். 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான பள்ளத்தில் திருகாணிகளை இறக்கி, அவற்றைச் சுற்றிச் சிமெண்ட் போடும் முறையும் உண்டு. செலவு குறைவு, நேரமும் குறைவு. ஓடியாடி வேலை செய்யாத முதியவருக்கு இதை மட்டமான வைத்தியம் என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிரே நிற்பது சொந்த எலும்பு ஒட்டு. மூட்டைப் பொருத்துவதற்காக எப்படியும் தொடை எலும்பிலிருந்தும் கீழ்க்கால் எலும்பிலிருந்தும் துண்டுகளை வெட்டி எடுக்கிறார்கள். அந்தத் துண்டுகளை ஈரத்துணியில் பொதிந்து வைத்து, பள்ளத்தின் அளவுக்குச் செதுக்கி, திருகாணியால் பிணைக்கிறார்கள். தேய்ந்து தேய்ந்து தந்தம் போல இறுகிய பரப்பில் ஒட்டு பிடிக்காது. மெல்லிய துளைகள் போட்டு, ஒவ்வொரு துளையிலும் இரத்தம் முத்து முத்தாகக் கசிவதைப் பார்த்த பிறகே ஒட்டை வைக்க வேண்டும். இந்த ஒரு படியில் காட்டும் பொறுமைதான் ஒட்டு சேருமா, நொறுங்குமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சேர்ந்துவிட்டால் இதற்கு இணை எதுவும் இல்லை: இழந்த எலும்பு திரும்பக் கிடைக்கிறது, பொருளுக்குத் தனிச் செலவு இல்லை, பிறர் திசுவின் அச்சமும் இல்லை. ஐம்பதுகளில் இருப்பவருக்கு, பிற்காலத்தில் மறு அறுவை வரக்கூடும் என்பதால், நான் இதன் பக்கம்தான் பேசுவேன்.

ஆனால் எலும்பு மெலிந்த எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு ஒட்டு சேரும்வரை காத்திருக்கும் வசதி இல்லை. அவருக்கு உலோக ஆப்போ உலோகத் திண்டோ மேல். செயற்கை மூட்டின் அடித்தட்டிலேயே இதைப் பொருத்திவிடலாம். 5, 10, 15 மில்லிமீட்டர் என அளவு அளவாக வரும். அறுவைக் கூடத்திலேயே வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நொறுங்காது, சீக்கிரமே நடக்கவும் விடலாம். குறை இரண்டு: விலை ஏறும், ஆப்பு தட்டையாக உட்கார வேண்டும் என்பதற்காக நல்ல எலும்பையும் கொஞ்சம் செதுக்க நேரும். ஆப்பு வைத்தால் எலும்பின் உள்ளே இறங்கும் ஒரு தண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், சுமையைக் கீழே பகிர்ந்துகொள்ள.

பள்ளம் மறையும்வரை எலும்பை இன்னும் கீழே வெட்டிவிடலாமே என்றும் கேட்கிறார்கள். ஓரிரு மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. மூட்டிலிருந்து கீழே இறங்க இறங்க எலும்பின் வலு குறையும். எனவே பள்ளத்தைத் துரத்திக்கொண்டு வெட்டுவது எனக்கு உடன்பாடில்லாத வழி.

மறு அறுவை வேறு உலகம். செயற்கை மூட்டின் பிளாஸ்டிக் தட்டு தேய்ந்து உதிரும் நுண்துகள்களை எதிர்க்கக் கிளம்பும் உடலின் உயிரணுக்கள் பக்கத்து எலும்பையே தின்னத் தொடங்கும். தளர்ந்த மூட்டு அசைந்து அசைந்து எலும்பை அரைக்கும். கிருமித் தொற்று வந்திருந்தால் அழுகிய எலும்பைச் சுரண்டியே ஆக வேண்டும். கடைசியில், பழைய மூட்டைக் கழற்றும்போதும் கொஞ்சம் எலும்பு கூடவே வரும். இப்படிக் குடைந்த எலும்பில் சிமெண்டும் சிறு ஆப்பும் எடுபடாது. இங்கே போட்டி பிறர் தானமாகத் தந்த கொடை எலும்புக்கும் உலோகக் கூம்புக்கும் உலோக உறைக்கும் இடையே.

கொடை எலும்பு நம் நாட்டுக்குப் புதிதல்ல. கிளந்தான் குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கி இருக்கிறது. பெரிய குழிக்கு ஏற்றபடி செதுக்கலாம், எலும்பு இருப்பையும் கூட்டலாம். ஆனால் அது உயிரற்ற எலும்பு. நோயாளியின் எலும்போடு மெதுவாகவே சேரும். ஆண்டுகள் போகப்போகக் கரைந்து அமுங்கலாம், முறியலாம். தொற்று அபாயமும் உண்டு. அறுவை நேரம் நீளும். பல வாரங்கள் காலில் முழு எடை போடவும் விடமாட்டார்கள்.

கூம்பின் கதை வேறு. டாண்டலம் என்ற உலோகத்தில், முக்கால் பங்குக்கும் மேல் நுண்துளைகளாகவே இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் விறைப்பு எலும்புக்கு நெருங்கி வருவதால் எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. கூம்பைக் குழியில் அடித்து இறக்கி, அதனுள் மூட்டின் தண்டைச் சிமெண்டால் பதிக்கிறார்கள். அதனால் எந்த நிறுவனத்தின் மூட்டோடும் பெரும்பாலும் ஒத்துப்போகும். உறை டைட்டானியத்தில், படிப்படியாகச் சரிந்து குறுகும் வடிவில் வருவது. மூட்டோடு நேரடியாகப் பூட்டிக்கொள்ளும். இடையில் சிமெண்ட் வேண்டாம், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்த நிறுவனத்தின் மூட்டுக்குத்தான் அந்த உறை. ஓரம் ஒழுங்கற்றுக் கரைந்த பெருங்குழிக்குக் கூம்பும், நடுவில் குடைந்து சுவர் ஓரளவு நிற்கும் குழிக்கு உறையும் பொருந்தும் என்பது நான் கண்டதும் நம்புவதும். நம் ஊர் முதியவர்களுக்குக் கொடை எலும்பைவிட இவ்விரண்டில் ஒன்றையே நான் விரும்புவேன். படுக்கையில் கழியும் வாரங்கள் அவர்களுக்கு அவ்வளவு கேடு. இளையவருக்கு ஓர் எச்சரிக்கை: நன்றாகப் பிடித்துக்கொண்ட கூம்பைப் பிறகு தொற்று காரணமாக எடுக்க நேர்ந்தால், இருக்கும் எலும்பையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

எலும்பின் முனையையே முழுதாக மாற்றும் பெருமூட்டு கடைசி வழி. உடனே நடக்கலாம் என்பது அதன் பெரும் பலம். அதில் தொற்று வந்தால் காலைக் காப்பாற்றுவதே போராட்டமாகிவிடும் என்பது அதன் பெரும் பயம்.

தொற்றைப் பற்றிப் பேசினால் சர்க்கரையைப் பற்றியும் பேச வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியரிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். மூட்டில் தொற்று இருக்கும்போது மேலே சொன்ன எதையும் உடனே வைக்கத் துணிய மாட்டார்கள். பெரும்பாலும் முதல் அறுவையில் பழையதை எடுத்துவிட்டு மருந்து கலந்த சிமெண்டைத் தற்காலிகமாக வைப்பார்கள். தொற்று அடங்கிய பிறகே இரண்டாவது அறுவை. ஆகவே எந்தக் கூம்பு என்று விசாரிப்பதற்கு முன், கடந்த மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்குங்கள்.

பணத்தைப் பற்றியும் வெட்கப்படாமல் கேளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் வார்டு கட்டணம் சொற்பம். ஆனால் உள்ளே பொருத்தும் சாமானுக்குப் பல நேரங்களில் நோயாளிதான் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஆப்பு, தண்டு, கூம்பு ஒவ்வொன்றும் தனி விலை. தேவைப்பட்டால் சேர்க்கக்கூடிய பொருள்களின் விலையையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டு, மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் உதவிநிதிக்கு முன்கூட்டியே மனுச் செய்யுங்கள். மறு அறுவைக்குப் போகிறவர்கள் பழைய அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டுப் பெற வேண்டும். உள்ளே வைத்த ஒவ்வொரு பாகத்தின் நிறுவனம், அளவு, எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் அதில் இருக்கும். அந்தச் சீட்டு கையில் இருந்தால், எந்தப் பாகத்தைக் கழற்ற வேண்டும், எதை விட்டுவைத்து அதற்குப் பொருந்தும் உறையோ ஆப்போ தருவிக்கலாம் என்பதை மருத்துவர் அறுவைக்கு முன்பே முடிவு செய்துவிடுவார்.