சந்தையா, சந்தாவா, முன்பதிவா?

இடைத்தரகர் இல்லாமல் காய்கறி விற்க மூன்று வழிகளையும் முயன்றுவிட்டு, கடைசியில் முன்பதிவில் வந்து நிற்கிறேன். ஆகவே இந்த அலசல் கொஞ்சம் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

வாரச் சந்தை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கைமேல் காசு, வாங்குபவரோடு நேரடிப் பழக்கம். மழை பிடித்தால் அன்றைய பாடு போச்சு.

சந்தா முறையில் உறுப்பினர்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டிவிடுவார்கள். விளைந்ததில் வாராவாரம் ஒரு பங்கு அவர்களுக்கு. ஜப்பானில் 1970களில் 'தெய்கெய்' என்ற பெயரிலும், அமெரிக்காவில் 1986 முதலும் இது வளர்ந்தது. விதைக்கும் முன்பே கையில் பணம் என்பது பெரிய வரம்தான். ஆனால் பெட்டியில் தொடர்ந்து மூன்று வாரம் ஒரே காய் வந்தால் முகம் சுளிக்கிறார்கள். அதற்காகவே பத்துப் பன்னிரண்டு பயிர் வைத்து அல்லாடினேன்.

மூன்றாவதான முன்பதிவு, 2013இல் பின்லாந்தில் தொடங்கிய 'ரெக்கோ' வளையங்களின் (விளைவிப்பவரும் வாங்குபவரும் சேர்ந்த குழுக்களின்) வழி. இந்த வாரம் என்ன இருக்கிறது என்று இணையக் குழுவில் போடுகிறோம், வேண்டியவர்கள் பதிவு செய்கிறார்கள். குறித்த நாளில், குறித்த நேரத்தில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் கைமாற்றிவிட்டுக் கிளம்பலாம். பல உற்பத்தியாளர்கள் அங்கே கூடுவதால் எல்லாவற்றையும் நானே விளைவிக்க வேண்டியதில்லை. வீட்டு வாசல்வரை கொண்டுபோகும் செலவும் மிச்சம்.

என்னை இழுத்தது இதெல்லாம்கூட இல்லை, விற்காமல் திரும்பும் சரக்கு. சந்தைக்குக் குத்துமதிப்பாகத்தான் அறுக்க வேண்டும். மேசை நிறைந்திருந்தால்தான் ஆள் நிற்பார்கள்; கடைசி இரண்டு கட்டுக் கீரையை யாரும் சீந்துவதில்லை. அதனால் விற்காது என்று தெரிந்தே கூடுதலாக அறுப்போம். அது வாடித் திரும்பும்போது அறுப்புக்கூலி, கட்டும் கூலி, வண்டிச் செலவு எல்லாம் ஏற்கெனவே போயிருக்கும். முன்பதிவில் விற்ற பிறகுதான் அறுப்பு. பதிவாகாத கீரை செடியிலேயே நிற்கும். இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்குள் வேறு ஆள் கிடைக்கலாம். அறுத்த கீரைக்கு அந்த அவகாசம் ஏது?

தொல்லை இல்லாமல் இல்லை. பதிவு செய்துவிட்டு வராதவர்களால் முதல் மாதம் கையைச் சுட்டுக்கொண்டேன். அப்புறம் முன்பணம் வாங்கத் தொடங்கினேன். பட்டியல் போடவும் பெயர் சரிபார்க்கவும் வாரத்தில் ஒரு மாலை போய்விடுகிறது.

பள்ளி, மருத்துவமனைச் சமையலறைகளுக்கு இது சரிப்படாது. அதற்குப் பலர் விளைச்சலைச் சேர்த்து, தரம் பிரித்து, குளிரில் வைத்து அனுப்பும் கூட்டு மையம் வேண்டும். அப்படி ஒன்றுக்கு இரண்டே மாதம்தான் கொடுத்தேன். அவர்கள் கேட்ட நிலையான அளவு என் சிறு நிலத்துக்குக் கட்டவில்லை. பெரிய நிலக்காரர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி வரலாம்.