வந்து போன நோயா, போட்டுக்கொண்ட ஊசியா?

"நோய் வந்து போனால் கிடைக்கும் எதிர்ப்பு சக்திதான் அசல், ஊசி தருவது நகல்" என்பார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. அதை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

1846-ல் வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் பேரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. சுமார் 7,800 பேரில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அங்கே போன டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானம் ஒன்றைக் கவனித்தார்: முன்பு 1781-ல் தட்டம்மை கண்டு பிழைத்த கிழவர்களை நோய் தொடவே இல்லை. 65 வருஷம் ஆகியும் உடம்பு மறக்கவில்லை! தடுப்பூசியோ முதல் தவணையில் 93, இரண்டாவதோடு 97 சதவீதப் பாதுகாப்பு. மார்க்கை மட்டும் பார்த்தால் நோய்தான் முதலிடம்.

சரி, ஃபீஸ் எவ்வளவு? தட்டம்மை கண்டவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை வீங்குகிறது. அப்புறம் இன்னொரு நஷ்டம். பழைய கிருமிகளை அடையாளம் வைத்திருக்கும் நினைவு செல்களுக்குள்ளேயே இந்த வைரஸ் புகுந்து அழிக்கிறது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசி போடாத குழந்தைகள் தட்டம்மைக்குப் பின், கிருமிகளைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளின் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்தார்கள். ஒரு பாடம் படிக்கப் பழைய நோட்டுகளைக் கொளுத்தியது போல. ஊசியில் இருக்கும் வலுவிழந்த வைரஸ் இதைச் செய்வதில்லை.

டெட்டனஸில் அந்த மார்க்கும் கிடையாது. தாடையை இறுக்கிப் பூட்ட அந்தக் கிருமி சுரக்கும் நஞ்சு துளியினும் துளி போதும். எதிர்ப்பு மண்டலம் கவனித்துப் பாடம் படிக்க அந்த அளவு போதாது. அதனால் பிழைத்து எழுந்தவருக்கும் ஊசி போட்டே ஆக வேண்டும். ஊசியில் இருப்பதும் அதே நஞ்சுதான்; ஃபார்மலின் என்ற ரசாயனத்தால் அதன் பல்லைப் பிடுங்கியிருப்பதால் தாராளமாகக் கொடுக்க முடிகிறது.

கக்குவான் இருமலில் இரண்டுமே சுமார்தான். நோய் தந்த பாதுகாப்பும் தேயும், ஊசி தந்ததும் தேயும்.

ரேபிஸில் ஒப்பிடவே வழியில்லை. அறிகுறி தெரிந்த பின் பிழைத்தவர்கள் அபூர்வம். ஊசி போட்டாலும் உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க, கடி தோலைத் துளைத்திருந்தால் வேறொரு உடம்பில் உருவான ஆன்டிபாடியைக் காயத்தைச் சுற்றி ஏற்றுகிறார்கள். சில வாரங்களில் அது கரைந்துவிடும். அதற்குள் கையில் போட்ட ஊசி வேலையைத் தொடங்கியிருக்கும்.