மணல் குழியா, நேட்ரான் உப்பா?

எகிப்தில் இறந்தவர் உடலைக் கெடாமல் காத்ததில் முந்தியது மணல்தான். எகிப்தின் கெபலைன் என்ற இடத்தில் உடலாகக் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ‘கெபலைன் மனிதர்’ சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முந்தையவர். முழங்காலை மடக்கி, ஒருக்களித்த நிலையில் குழியில் புதைத்திருக்கிறார்கள். சூடான மணல் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. தலைமுடிகூட இன்னும் இருக்கிறது. செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

அப்புறம் வசதியானவர்களுக்குச் சவப்பெட்டியும் கல்லறையும் வந்தன. மணல் படாத உடல் அழுகியது. அங்கே பதப்படுத்துதல் கைகொடுத்தது. முறையாகச் செய்தால் 70 நாள் வேலை. மூக்கு வழியே கொக்கி விட்டு மூளையை எடுத்துவிடுவார்கள். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கும் தனித்தனி ஜாடிகளுக்குப் போகும். ஈரத்தை உறிஞ்சும் இயற்கை உப்பான நேட்ரானில் சுமார் 40 நாள் காயவைத்து, லினன் துணி சுற்றுவார்கள். இதயம் மட்டும் உடலிலேயே இருக்கும். இறந்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் கடவுளான ஒசைரிஸ் முன்னால், நீதி தேவதை மாஆத்தின் இறகோடு அதை எடைபோட வேண்டுமே!

உடல் நிலைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் என் ஓட்டு மணலுக்கே. ஆனால் ‘பா’ என்னும் ஆன்மா இரவுதோறும் உடலுக்குத் திரும்பும் என்று நம்பியவர்களுக்கு அது போதாது. துணிச் சுற்றுக்குள் தாயத்து வைக்கலாம், பெட்டியில் மந்திரம் எழுதலாம். மணல் குழியில் உடன் வைத்தது பெரும்பாலும் சில பானைகள்தான்.