மண்டபத்து ஜெனரேட்டரும் டேங்கின் அடியில் தங்கும் தண்ணீரும்

காட்பாடியில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டிவரும் என் மைத்துனர், குடியாத்தத்தில் எங்கள் மண்டபத்தில் ஓடும் 62.5 கேவிஏ சைலன்ட் ஜெனரேட்டரையே தாமும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். எஞ்சினைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் விற்பவர்களே சொல்லிவிடுவார்கள் என்பதால், பல ஆண்டுகளாக என்னைப் படுத்திவரும் டீசல் டேங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மண்டபத்து ஜெனரேட்டர் அன்றாடம் ஓடுவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் டீசல் அசையாமல் கிடக்கும். டேங்க் பாதி காலியாக இருந்தால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் தகட்டில் வியர்த்து, டீசலைவிடக் கனமான தண்ணீராக அடியில் போய்த் தங்கிவிடும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த மட்டத்தில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லைதான்; அவர்களுடைய எஞ்சினும் பெரும்பாலான நாட்கள் சும்மாவே இருக்கிறது. வேலூர் வெயிலில் டேங்குக்குள் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள், கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை டேங்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன அந்த மழைக்காலத்துக்குப் பிறகு, லோடு ஏறியதும் எஞ்சின் திணறத் தொடங்கியது. மெக்கானிக் ஃபில்டரை மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட்டு, டேங்குக்கும் அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே, டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும், கண்ணாடிக் கிண்ணம் வைத்த வாட்டர் செபரேட்டர் ஒன்றைப் பொருத்தினார். அதன் அடித் திருகைத் தளர்த்திப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால், கீழே கலங்கிய தண்ணீரும் மேலே தெளிந்த டீசலும், இரண்டுக்கும் நடுவே பாலாடை போல ஒரு கறுப்புப் படலமும் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். அந்தத் தண்ணீர், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் வரை போயிருந்தால் சூட்டில் சட்டென்று ஆவியாகி நாசில் முனையையே உடைத்திருக்கும்; நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் எஃப்.ஐ. பம்பும் துருப்பிடித்திருக்கும். இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு பெரிய செலவைத் தடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை.

ஆனால் செபரேட்டர் டேங்கைச் சுத்தம் செய்யாது. உறிஞ்சு குழாயின் வாய் டேங்கின் அடியிலிருந்து சற்று மேலே இருப்பதால், அதற்குக் கீழே தேங்குவது அங்கேயே கிடந்து ஊறி, டீசல் ஊற்றும்போது கலங்கி மேலே வருகிறது. அதைத் திறந்துவிடத்தான் டேங்கின் அடியில் டிரெயின் பிளக் என்ற திருகு மூடி இருக்கிறது. இந்த ஜெனரேட்டரில் டேங்க் அடிச்சட்டத்துக்குள் இருக்கிறது; பிளக்குக்கும் சிமென்ட் மேடைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிகூட இல்லை. ஸ்பேனர் திரும்பாது, பாத்திரம் நுழையாது. கைவிட்டுத் துடைக்க மேலே ஒரு மூடி வைத்திருந்தாலாவது மன்னித்திருப்பேன், அதுவும் இல்லை. சர்வீஸுக்கு வந்தவரிடம் கேட்டால், டேங்க் தங்கள் வேலையில் சேராது என்கிறார். தண்ணீர் தங்கும் என்பது தெரிந்துதானே பிளக்கே வைக்கிறார்கள். அதைக் கை எட்டும் இடத்தில் வைத்தால் என்ன?

எண்ணெய், கொழுப்பு ஆகியவற்றிலிருந்து தயாரிக்கும் பயோடீசல், சாதாரண டீசலைவிடத் தண்ணீரை இன்னும் அதிகமாக ஈர்க்கும் தன்மையுடையது. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் அதைக் கலப்பது 2018-ஆம் ஆண்டு தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு என்பதால், இந்தத் தொல்லை கூடுமே தவிர குறையாது. ஆடியும் மார்கழியும் பிறப்பதற்கு முன்பே டேங்கை நிரப்பிவிடுகிறேன். சும்மா இருக்கும் மாதங்களிலும் அவ்வப்போது லோடு கொடுத்து ஓட்டுகிறேன். பூஞ்சைக்கொல்லி ஊற்ற நினைப்பவர்கள் முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். செத்த பூஞ்சை ஃபில்டரை அடைக்கும் என்பதால் புது ஃபில்டர் ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.

செபரேட்டர் பொருத்திய பிறகு எந்த முகூர்த்தத்திலும் இந்த எஞ்சின் காலை வாரியதில்லை. டீசலும் அளவாகவே குடிக்கிறது. இருந்தும் மைத்துனரை இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த ஜெனரேட்டரைப் பார்க்கப் போனாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அவர் குனிந்து அந்த பிளக்கில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பிப் பார்க்கட்டும்.