பூனைக்குக் கிளினிக்கா, வீட்டுக்கு வரும் டாக்டரா?

வருடாந்திரத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, காது, பல், எடை, வயதான பூனைக்கு ரத்தப் பரிசோதனை. இப்படி அவசரமில்லாத வேலைகளுக்கு எங்கள் வீட்டில் இப்போது டாக்டர்தான் வருகிறார், பூனைகள் போவதில்லை. அதற்கு முன் பல வருடம் எல்லாவற்றுக்கும் கிளினிக்குக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டையும் பார்த்தாயிற்று என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருக்கும் வீட்டில், முடிந்ததையெல்லாம் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. போகிற வழியில் பூனை கத்துவதோ, டாக்டரைப் பிறாண்டுவதோ இதற்குக் காரணமில்லை. திரும்பி வந்த பிறகு வீட்டுக்குள் நடப்பதுதான் காரணம்.

கிளினிக்கில் கருவிகள் இருக்கும், பிடித்துக்கொள்ள ஆள் இருக்கும், சந்தேகம் வந்தால் கையோடு எக்ஸ்ரே எடுத்துவிடலாம். டாக்டர் வீட்டுக்கு வந்தால் அலைச்சல் இல்லை, காத்திருப்பு இல்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. பூனையின் பக்கம் நின்று பார்த்தால் என்ன வித்தியாசம் என்பதைச் சொல்கிறேன்.

எங்களிடம் இரண்டு பேர். கருப்பி வயதானவள், அமைதி. சோமு இளைஞன், முரடன். கிளினிக் மேஜையில் சோமு சீறுவான், கையை ஓங்குவான், டவலுக்குள்ளிருந்து நழுவுவான். கருப்பி அசையவே மாட்டாள். "ரொம்பச் சமத்து" என்று அவளைப் பாராட்டாத டாக்டர் இல்லை. ஆனால் அந்தச் சமத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். உடம்பு மேஜையோடு ஒட்டியிருக்கும். வால் காலைச் சுற்றி இறுகியிருக்கும். காது இரண்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். கண்ணில் நிறமே தெரியாது, கண்பாப்பா அவ்வளவு விரிந்து முழுக்கக் கறுப்பாக இருக்கும். அடிக்கடி எச்சில் விழுங்குவாள். தடவினால் கொத்துக் கொத்தாக ரோமம் கையோடு வரும். அவளைத் தூக்கியதும் எஃகு மேஜையில் நான்கு ஈரத் தடங்கள் தெரியும். பூனைக்குப் பாதத்தில்தான் வியர்க்கும், அந்த வியர்வை அது. பயத்தில் உறைந்துபோன பூனை இப்படித்தான் இருக்கும். சோமுவின் பயம் வெளியே கேட்கிறது, இவளுடையது கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பூனைக்குப் பாதுகாப்பு என்பது ஆளைவிட இடத்தைப் பொறுத்தது. நாயென்றால் எஜமானர் பக்கத்தில் இருந்தாலே பாதி தைரியம் வந்துவிடும். பூனையின் தைரியம் அது கன்னத்தை உரசி உரசித் தன் வாசனையைத் தடவி வைத்த சுவரிலும் நாற்காலிக் காலிலும் இருக்கிறது. அங்கிருந்து பிடுங்கி ஒரு பெட்டிக்குள் அடைத்து, வண்டியில் குலுக்கி, நாய் வாசனை வீசும் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்?

அளவுகளிலேயே அது தெரியும். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே பூனைகளை வீட்டிலும் மருத்துவமனையிலும் சோதித்துப் பார்த்தார்கள். மருத்துவமனையில் ரத்த அழுத்தம், இதயத்துடிப்பு, மூச்சின் வேகம் மூன்றுமே கூடுதலாக இருந்தன. பயந்த பூனைக்கு ரத்தச் சர்க்கரையும் ஏறும், சில சமயம் நீரிழிவு என்று சந்தேகப்படும் அளவுக்கு. கருப்பிக்கு ஒருமுறை அப்படி ஏறியிருந்தது. அவசரப்பட்டு எதையும் தொடங்காமல் ஃப்ரக்டோசமைன் பரிசோதனை எழுதிக் கொடுத்தார் டாக்டர். அது அந்த நிமிடத்துச் சர்க்கரையைக் காட்டாது, முந்தைய ஓரிரு வாரத்தின் சராசரி நிலவரத்தைக் காட்டும். அவளுக்கு அது சரியாகவே இருந்தது. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறோ தைராய்டு மிகையோ இருந்தால் ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். கூடினால் விழித்திரையே பிரிந்து பார்வை போகலாம். அப்படிப்பட்ட பூனைக்குப் பயத்தால் ஏறிய அழுத்தம் எவ்வளவு, நோயால் ஏறியது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது டாக்டருக்கே சிரமம். வீட்டில் அளந்தால் அந்தக் குழப்பம் பெருமளவு குறையும்.

ஆனாலும் இவ்வளவும் சேர்ந்துகூட என்னைக் கிளினிக்கிலிருந்து திருப்பியிருக்காது. அரைமணி நேரப் பயம்தானே, தாங்கிக்கொள்ளும் என்று விட்டிருப்பேன். என்னைத் திருப்பியது சோமு.

ஒரே வீட்டுப் பூனைகள் ஒன்றோடொன்று உரசி, நக்கி, ஒட்டிப் படுத்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாசனையை உண்டாக்கி வைத்திருக்கும். நம்மாள் யார், அந்நியன் யார் என்பதை அந்த வாசனையை வைத்துத்தான் முடிவு செய்யும். கிளினிக்குக்குப் போய்வந்த பூனையின் மேல் ஸ்பிரிட், கிருமிநாசினி, கையுறை, முன்பின் தெரியாத மிருகங்கள், அப்புறம் அதன் சொந்தப் பயம் எல்லாம் சேர்ந்து வீசும். பயந்த பூனை ஆசனவாய்ச் சுரப்பியிலிருந்து வெளியேற்றும் திரவத்தின் நாற்றம் நமக்கே தெரியும், இன்னொரு பூனைக்குத் தெரியாமல் இருக்குமா?

காலையில் கருப்பியின் முதுகில் தலை வைத்துத் தூங்கிய அதே சோமு, அவள் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்ததும், அவளைத் தூக்கிப்போன கேரியர் பெட்டியின் கம்பிக் கதவை முகர்ந்தான். மூக்கு ஒருமுறை சுருங்கியது. வால் பாட்டில் கழுவும் பிரஷ் போல உப்பியது. தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல் கிளம்பியது. ஏற்கெனவே அரண்டு போயிருந்த கருப்பி உள்ளிருந்தபடியே பதிலுக்குச் சீறினாள். இது தானாகவே வளரும் சண்டை. இவன் வாசனைக்குப் பயந்து உறுமுகிறான், அவள் இவன் உறுமலுக்குப் பயந்து சீறுகிறாள், அந்தச் சீறலைக் கேட்டு இவன் பயம் உறுதியாகிறது. வாசனை போன பிறகும் சண்டை போகாது, ஏனென்றால் அதற்குள் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பயம் வந்துவிட்டது. பெரும்பாலான வீடுகளில் இது சில மணி நேரத்தில் அடங்கிவிடும். சில வீடுகளில் நாள்கணக்கில் இழுக்கும். அரிதாக, பிறகு ஒட்டவே ஒட்டாமலும் போவதுண்டு.

எங்கள் வீட்டில் நாள்கணக்கில் இழுத்தது. சண்டையைவிட மோசம் சோமுவின் காவல். மணல் தட்டுக்குப் போகும் வழியில் நீட்டிப் படுத்துக்கொள்வான். அடிக்க மாட்டான், வெறித்துப் பார்ப்பான். கருப்பி பாதி தூரம் வந்து திரும்பிவிடுவாள். இப்படிச் சிறுநீரை அடக்கிக்கொண்டு மன அழுத்தத்திலும் இருக்கும் பூனைக்குத் தொற்று எதுவும் இல்லாமலே சிறுநீர்ப்பை அழற்சி வரலாம். அவளுக்கு வந்தது. தட்டில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போனாள், அதற்கு மறுபடி கிளினிக், மறுபடி அந்த வாசனை. இதே நிலை ஆண் பூனைக்கு வந்து சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. வெறும் தடுப்பூசிக்காகப் போய்வந்த பயணம் இதுவரை இழுத்துக்கொண்டு வரும் என்றால், அந்தப் பயணம் தேவைதானா என்று கேட்கத்தான் வேண்டும்.

டாக்டர் வீட்டுக்கு வரும்போது இந்தப் பகுதியே இல்லை. யாரும் வெளியே போகவில்லை, யாரும் அந்நியராகத் திரும்பவில்லை. டாக்டரின் வாசனை இருவர் மேலும் ஒரே மாதிரி படிகிறது. அவர் கிளம்பியதும் சோமு மெதுவாக வெளியே வந்து, பை வைத்திருந்த இடத்தை முழுக்க முகர்ந்து, நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போவான். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு இருவரும் பக்கம் பக்கமாக நிற்பார்கள்.

இன்னொரு லாபம் மெதுவாகத்தான் புரிந்தது. தடுப்பூசிக்குப் பிறகு ஓரிரு நாள் சோர்வு, லேசான காய்ச்சல், பசியின்மை சகஜம். முகம் வீங்கினால், விடாமல் வாந்தி எடுத்தால், மூச்சு வாங்கினால் உடனே ஓட வேண்டும். கிளினிக்கிலிருந்து வந்த பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால், அது பயத்தாலா, ஊசியாலா, வேறு ஏதாவதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. வீட்டிலேயே ஊசி போட்ட பூனை ஒளிந்துகொண்டால் காரணத்தை ஊகிப்பது எளிது. எந்த வழியானாலும் ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். குண்டான பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு தேங்கி ஆபத்தாகிவிடும்.

வீட்டு முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டர் தனியாக வருவார், முரண்டு பிடிக்கும் பூனையை நாம்தான் பிடிக்க வேண்டும். மணி அடித்ததும் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் அங்கிருந்து இழுப்பது கிளினிக்கைவிடக் கொடுமை. அதனால் அவர் வருவதற்கு வெகு முன்பே படுக்கையறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். பூனை தூங்குகிற இடத்திலோ சாப்பிடுகிற இடத்திலோ ஊசி போடக் கூடாது, அந்த இடமே அதற்குப் பயமாகிவிடும். நாங்கள் முன்னறையில் ஒரு நாற்காலியை இதற்கென்றே வைத்திருக்கிறோம். டாக்டர் முதலில் தரையில் உட்கார்ந்து பூனையைப் பார்க்காமல் எங்களோடு பேசுவார். கருப்பி தானாக வந்து பையை முகர்வாள். சோமு அதுவரை வர மாட்டான், அவனை டவலில் சுற்றித்தான் கொண்டுவருவோம்.

அறுவை சிகிச்சை, பல் சுத்தம், எக்ஸ்ரே என்றால் கிளினிக்தான். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது, பின்னங்கால் திடீரென இழுத்துக்கொள்வது, விஷம் எதையாவது தின்றுவிட்டது, உயரத்திலிருந்து விழுந்தது, இவற்றுக்கெல்லாம் வீட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஆகவே வீட்டு டாக்டரை நம்பியிருப்பவர்களும் கேரியரைப் பரணில் போட்டுவிடக் கூடாது. மேல்பாதி கழற்றக்கூடிய பிளாஸ்டிக் கேரியராக வாங்கி, உள்ளே பழைய துணி விரித்து, கதவைத் திறந்தபடி வீட்டில் ஒரு மூலையில் எப்போதும் வைத்திருங்கள். கேரியருக்குப் பழக்கிய பூனைகள் பயணத்தில் குறைவாகவே பதறுகின்றன என்று 2018-ல் வந்த ஓர் ஆய்வும் சொல்கிறது. மேல்பாதியைக் கழற்றிவிட்டால் கீழ்ப்பாதியில் உட்கார்ந்தபடியே பரிசோதித்துவிடலாம். பிடரியைப் பிடித்துத் தூக்கும் கிளினிக்காக இருந்தால் வேறு பாருங்கள். 2022-ல் சர்வதேசப் பூனை மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டி அந்தப் பழக்கம் வேண்டாம் என்கிறது.

போய்வந்தால், திரும்பிய பூனையைத் தனி அறையில் தண்ணீர், உணவு, மணல் தட்டோடு விடுங்கள். அது சாப்பிட்டு, உடம்பு முழுக்க நக்கி, ஒரு தூக்கம் போட்டு எழும்வரை, குறைந்தது ஓர் இரவாவது, மற்றதைச் சேர்க்க வேண்டாம். மற்றதன் படுக்கைத் துணியை அந்த அறையில் போட்டுவைத்தால் வாசனை சீக்கிரம் கலக்கும். இரண்டையும் சேர்த்தே கொண்டுபோனால் வாசனை பொதுவாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அது இரண்டு பயந்த பூனைகளைத்தான் கொடுத்தது, மற்ற வீடுகளில் பலித்திருக்கலாம். கன்ன வாசனையைச் செயற்கையாகச் செய்த ஸ்பிரேயைப் பயன்படுத்தினோம். கெடுதல் இல்லை, உதவியதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பயணப் பயத்தைத் தணிக்கும் மருந்தைப் பற்றி என் அனுபவம் குறைவு. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கேபாபென்டின் கொடுக்கச் சொல்லும் டாக்டர்கள் நிறைய. இதே வேலைக்கான பிரீகேபலின் திரவத்துக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சோமுவுக்குக் கேபாபென்டின் கொடுத்தபோது கிளினிக்கில் ஆளே மாறிவிட்டான், கை ஓங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து தள்ளாடித் தள்ளாடி நடந்தான், அந்த நடையைப் பார்த்துக் கருப்பி மிரண்டு அலமாரி மேல் ஏறிவிட்டாள். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பலவீனமான பூனைக்கு அளவு குறையும்.

ஒற்றைப் பூனை வீட்டுக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். திரும்பி வந்ததும் உறுமுவதற்கு அங்கே ஆள் இல்லை. பூனை கேரியருக்குப் பழகியிருந்து, டாக்டரும் நிதானமானவராக இருந்தால் கிளினிக் போதும். குட்டிகளையும் முதல் சில தடவை கிளினிக்குக்குக் கொண்டுபோகலாம் என்றே நினைக்கிறேன். சின்ன வயதில் அந்த இடம் பழகிவிட்டால், பின்னால் அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எல்லாமே புதிதாக இருக்காது.