மூன்று கொம்புப் பச்சோந்தி விற்கிறவரிடம் ஏமாந்த கதை

தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு கென்யா நாட்டுப் பச்சோந்திக்கு ஆசைப்பட்டேன். அதற்காக 18,000 ரூபாய் கொடுத்தேன். கைக்கு வந்ததோ எங்கள் பக்கத்துப் புளியந்தோப்புகளில் சும்மா திரிகிற பச்சோந்தி. வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் இன்னும் கடையை மூடவில்லை.

நான் கேட்டது ஜாக்சன் பச்சோந்தி. ஆணுக்கு மூக்கின்மேல் ஒன்றும் கண்களுக்கு முன்னால் இரண்டுமாக மூன்று கொம்புகள் இருக்கும். ஓசூர்ப் பக்கத்து விற்பனையாளர் அனுப்பிய படத்திலும் மூன்று கொம்புகள் இருந்தன. பணம் போனது. ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி அருகே பைக்கில் வந்த பையன், துளையிட்ட செருப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிட்டான். திறந்து பார்த்தால் கொம்பே இல்லை.

போன் செய்தேன். "இது பெட்டை சார், பெட்டைக்குக் கொம்பு வராது" என்றார். ஜாக்சனில் கொம்பில்லாத பெட்டைகள் உண்டு என்று நானே படித்திருந்தேன், வாயடைத்துப் போனேன். ஆவணங்கள் எங்கே என்றேன். "பின்னாலேயே வரும் சார்." இன்றுவரை பின்னாலேயேதான் வந்துகொண்டிருக்கின்றன.

பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! ஜாக்சன் மலைக்குளிரில் வாழ்வது. பகலில் 25 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரவில் இன்னும் குளிர வேண்டும். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? வலைக் கூண்டைச் சுற்றி ஈரக் கோணிச்சாக்கு கட்டினேன், எதிரே ஏர்கூலர் வைத்தேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பச்சோந்தி குடிக்காது. இலைமேல் நிற்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே காலையும் மாலையும் செடிக்குத் தெளித்தேன். வெட்டுக்கிளிக்குக் கால்சியம் தூள் தடவிக் கொடுத்தேன். அதுவோ நான் உண்டாக்கிய குளிரை மதிக்காமல், வெயில் விழும் மூலைக்கே போய் உடம்பைத் தட்டையாக்கிக் காய்ந்துகொண்டிருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பென்னாகரத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். கூண்டைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, இது நம் புளியமரத்தில் இருப்பதுதானே? இதற்கு ஏன் கூலர்?" என்றார். ஆப்பிரிக்கா, அரிய வகை என்று அவருக்குப் பாடம் நடத்தினேன். பாவம், கேட்டுக்கொண்டார்.

ஐப்பசி பிறந்த வாரத்தில் அது இரை எடுப்பதை நிறுத்தியது. அதுவரை கிளையிலேயே கிடந்தது, இப்போது தரைக்கு இறங்கி மூலை மூலையாய் அலைந்தது. செம்பருத்தித் தொட்டியின் மண்ணை முன்னங்கால்களால் வாரி வாரி, தலை மறையும் அளவுக்குக் குழி தோண்டியது. மறுநாள் குழி மூடியிருந்தது; வயிறு ஒட்டிப்போய், கண் குழி விழுந்து, அது தொட்டி விளிம்பில் கிடந்தது. விரலால் மண்ணை விலக்கினேன். புளியங்கொட்டை அளவில், தொட்டால் அமுங்கும் தோலோடு வெள்ளை முட்டைகள். எண்ணினால் 19.

ஜாக்சன் முட்டையிடாது. குட்டி போடும்.

விற்பனையாளரிடம் கேட்டேன். "சில நேரம் முட்டையும் போடும் சார்" என்று கூசாமல் சொன்னார். அதற்குப் பிறகு என் எண்ணிலிருந்து அழைப்பு போகவில்லை.

பணம் போனதைவிட என்னை உலுக்கியது வேறு. நம் நாட்டுப் பச்சோந்தி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஏமாந்தவனும் நான், சட்டத்தின் கண்ணில் மாட்டுகிறவனும் நான். இரண்டு இரவு தூக்கமில்லை. பின்பு தொட்டியோடு எடுத்துப்போய் வனத்துறை அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லி ஒப்படைத்தேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்தவர் கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கா இவ்வளவு பணம்?" என்று கேட்டபோது தலை நிமிரவில்லை.

உண்மையான ஜாக்சனாகவே இருந்தாலும் ஆவணம் இல்லாமல் வாங்கக் கூடாது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது இருக்கிறது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினத்தை வாங்குகிறவர் 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்கிறவரிடம் அவருடைய பதிவைக் காட்டச் சொல்லுங்கள். "பின்னால் வரும்" என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். படத்தை நம்பாதீர்கள், உங்களுக்குத் தரப்போகிற அதே பிராணியை, அன்றைய செய்தித்தாள் பக்கத்தில் இருக்க, வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். செருப்புப் பெட்டியைச் சாலையோரத்தில் கைமாற்றுகிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

நண்பர் ஒருவரின் எண்ணிலிருந்து நேற்று விசாரித்துப் பார்த்தேன். அதே மூன்று கொம்புப் படம்தான் வந்தது. விலை மட்டும் 2,000 ரூபாய் ஏறியிருக்கிறது.